அழைக்கும் சொல் யாருக்கு உரியது?

வேற்றுமை ஏழெனக் கூறி, விளியையும் சேர்த்து எட்டென நிறுத்தினார் தொல்காப்பியர். ஏனைய வேற்றுமைகள் தொடரினுள் பெயரின் நிலையைக் காட்டுவன. விளியோ பேசுவோரையும் கேட்போரையும் இணைப்பது. இதன் இன்றியமையாமையை, திட்டமிட்டு ஆக்கப்பெற்ற ஒரு செயற்கை மொழியின் வரலாறும் உணர்த்துகின்றது.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சமூகவியல் அறிஞர் ஜேம்ஸ் குக் பிரவுன் 1955-இல் லாக்லான் என்னும் மொழியை ஆக்கத் தொடங்கினார். மொழியின் அமைப்பு மனிதரின் சிந்தனையை வரையறுக்கின்றதா என ஆராய்வதே நோக்கம். அளவையியலே அம்மொழிக்கு அடித்தளம். அளவையியல் ஆராய்வது மெய்யோ பொய்யோ ஆகும் கூற்றுகளை. ஒருவரைப் பெயர் சொல்லி அழைப்பது மெய்யுமன்று, பொய்யுமன்று. எனினும் அழைக்க இயலாத மொழியில் யார் யாரோடு பேசுவது? ஆதலின் லாக்லானிலும் 'ஹோய்' என்னும் விளியிடைச்சொல் இடம்பெற்றது.

பின்னர்ப் பூசல் எழுந்தது. லாக்லான் சொற்கள் தனக்கே உரியவை என அதன் நிறுவனம் உரிமை கோரிற்று. பிரிந்து சென்ற அன்பர்கள் 1987 முதல் சொற்களனைத்தையும் புதிதாக ஆக்கினர்; அதுவே லோஜ்பான் மொழி. அதில் ஹகர ஒலி சொல்லின் முதலில் வாராது. 'ஹோய்' இருந்த இடத்தில் 'டோய்' அமர்ந்தது. நம்மூர்ச் சிறுவர் கூவும் 'டோய்' போல ஒலிப்பினும் இரண்டிற்கும் உறவில்லை. 'லாக்லான்' என்னும் பெயர்மீது கோரப்பட்ட வணிகக்குறி உரிமையை 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்கவில்லை.

'டோய் ஜான்' என்றால் 'ஜானே' என்பது பொருள். இவ்விடைச்சொல் பெயரின் தொடக்கத்தையும் செவிக்கு உணர்த்துவது. எனவே, 1997-இல் வெளிவந்த இலக்கண நூலின்படி, 'டோய்' எனத் தொடங்கும் பெயர்கள் ஆகா. 'டோயில்' என ஒருவருக்குப் பெயரிட்டால், 'ல்' என்னும் யாரையோ அழைத்ததாக முடியும்!

விளியின் வகைகளும் பல. 'ஷோய்' வரவேற்கும் வணக்கம்; 'ஷோஹோ' விடைபெறல்; 'கிஹே' நன்றி. வானொலியில் உரையாடுவோர் தம் பேச்சு முடிந்ததென அறிவிப்பது போன்றது 'முஹோ'. 'மிஹே' மட்டும் கேட்போரை விட்டுப் பேசுவோரையே சுட்டும்: 'நான் இன்னார்' என்பது அதன் பொருள்.

கூற்றுகளுக்கென எழுந்த மொழியில் கூப்பிடும் சொற்கள் இவ்வாறு பெருகின. பிறமொழி வழங்கும் ஊர்களில் வாழும் நம் இல்லங்களிலும், குழந்தைகள் எம்மொழியில் பேசத் தொடங்கினாலும், அம்மா, அண்ணா, அத்தை என்னும் விளிகள் எளிதில் விலகுவதில்லை. சொல்லை ஆக்கியவர் உரிமை கோரலாம். ஆயினும் அழைக்கும் சொல்லுக்கு உயிர் தருபவர், அதைக் கேட்டுத் திரும்பிப் பார்ப்பவரே.