ஊவா மலைப்பாதையில் மாடும் வழக்கும்

இலங்கையின் ஊவா மாகாணத்தில், தெமோதரையைக் கடந்து 1924ஆம் ஆண்டில் பதுளைக்கு ரயில் வந்து சேரும்வரை, அப்பகுதியின் கோப்பியும், அதன் அழிவுக்குப்பின் தேயிலையும், பெரும்பாலும் தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்களிலும் இரட்டைமாட்டு வண்டிகளிலும் வெளியேறின. அந்தப் பாதைகளில் மாட்டால் வரும் ஆபத்து கொம்பில் மட்டும் இருக்கவில்லை. ஏற்றத்தில் மூட்டைகள் பின்னே சரிந்து வண்டி பின்பாரமானால், நுகத்தடி மேலெழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். இறக்கத்திலோ முன்பாரம் கழுத்தை அழுத்த, மாடு இடறினால், மூக்கணாங்கயிற்றைப் பிடித்து முன்னே நடப்பவர் சக்கரத்துக்கும் மலைச்சரிவுக்கும் இடையில் அகப்படுவார்.

இத்தகைய சேதத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இலங்கையின் பொதுச்சட்டமான ரோமன்-டச்சுச் சட்டம் பழைய விடையொன்றை வைத்திருந்தது. வளர்ப்பு விலங்கு தன் இனத்தின் இயல்புக்கு மாறாக நடந்து தீங்கு செய்தால், உரிமையாளரிடம் தவறு இல்லாவிடினும் அவரே ஈடு செய்ய வேண்டும் என்பது அதன் விதி. ஆயினும் 533இல் தொகுக்கப்பட்ட ரோமானியச் சட்டத்திரட்டு இவ்விதிக்கு விலக்குகளையும் வகுத்தது: வலி தாளாமல் உதைத்த குதிரைக்கு இது பொருந்தாது, வழியின் கரடுமுரடாலோ, ஓட்டுபவரின் தவறாலோ, மிகைச்சுமையாலோ விலங்கு தன் சுமையை ஒருவர்மேல் கவிழ்த்தாலும் பொருந்தாது, அப்போது மனிதரின் தவறே நிறுவப்பட வேண்டும். ஊவாவின் வண்டிப்பாதையை நேரில் பார்த்து எழுதியதுபோல் உள்ள இவ்விலக்கு, காயமுற்ற மலையக வண்டிக்காரருக்குச் சாதகமானதன்று. செங்குத்தும் அதிகச் சுமையும் அங்கே அன்றாடத் தொழில்நிலைகள்.

தோட்டத்துக்குள் நிலைமை வேறு. எருவுக்காகக் கோப்பித் தோட்டங்களே மாட்டுப்பட்டிகளை வைத்திருந்தன. பிற்காலத்தில் லயங்கள் எனப்பட்ட வரிசைக் குடியிருப்புகளில் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களும் பாலுக்காகப் பசு வளர்த்தன. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் நேர்ந்த காயத்துக்கு முதலாளியிடம் ஈடு கோர வழிசெய்ததால், தோட்டப் பட்டியில் கூலிக்கு உழைத்தவர் அதன்கீழ் வரலாம். கொழுந்து பறிக்கப் போகுமுன் பால் கறக்கையில், பின்காலைப் பிணைக்கும் அணைகயிறு நழுவித் தன் வீட்டுப் பசுவிடமே உதைபட்ட பெண்ணுக்கு அச்சட்டத்தில் இடமில்லை. மாட்டின் உரிமையாளரும் அவர் குடும்பமே என்பதால் பழைய விதியும் அவருக்கு உதவாது.