தகடூர் வானில் போர் விமானங்கள்

1971ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு முற்பகல். தருமபுரியை அடுத்த எங்கள் சிற்றூரில் கேழ்வரகு அறுவடை முடிந்து, களத்தில் கதிரடிப்பு நடந்துகொண்டிருந்தது. வடக்கே கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து இடியோசை போன்றதோர் முழக்கம் எழுந்தது. நாங்கள் தலை நிமிர்வதற்குள் போர் விமானமொன்று எங்களைக் கடந்து தெற்கே சென்று மறைந்தது. சிறுவர்கள் கைதட்டிக் கூவிக்கொண்டு வரப்பின்மேல் ஓடினோம். எங்கள் பாட்டியாரோ வேலியில் உலர்ந்துகொண்டிருந்த வெள்ளை வேட்டிகளை வாரிச் சுருட்டிக்கொண்டு புளியமரத்தடிக்கு விரைந்தார். மூச்சிரைக்க அவர் கேட்டது இன்றும் என் செவியில் ஒலிக்கிறது: "நம்மளதா கண்ணு, அவுங்களதா?"

"நம்மளதுதான் ஆயா" என்று சொல்லிச் சிரித்தேன். அவர் ஏன் வேட்டியை எடுத்தார் என்று அன்று கேட்கத் தோன்றவில்லை.

அன்றிரவு அவரே சொன்னார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் கைக்குழந்தையோடு இருந்த இளந்தாய். வெண்ணிறத் துணி மேலே பறப்பவர் கண்ணில் படும் என்று ஊரார் பேசிக்கொண்டனராம். ஓசை கேட்டதும் துணியை எடுப்பதும், பொழுது சாய்ந்ததும் அடுப்பை அணைப்பதும் அன்று பழகியவை. இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்தும் அவர் கை அப்பழக்கத்தை மறக்கவில்லை.

அந்த அச்சம் காரணமற்றதன்று. 1942 ஏப்ரல் 5ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. 9ஆம் நாள் திரிகோணமலை தாக்குண்டது. சென்னையிலிருந்து பல்லாயிரவர் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தனர். நகரத்தார் மூட்டை முடிச்சுகளோடு வந்து இறங்குவதைக் கண்ட சிற்றூர் மக்கள், அடுத்தது தம் ஊரே என்று நடுங்கியதில் வியப்பென்ன?

ஆனால் அக்காலத்தில் நம் வானில் முழங்கியவை பகைவர் விமானங்கள் அல்ல. தருமபுரிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில், 1940 டிசம்பரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தோன்றியது. அதனை மைசூர் அரசின் துணையோடு நிறுவியவர் சோலாப்பூரில் சமணக் குடும்பமொன்றில் பிறந்த வால்சந்த் ஹீராசந்த். 1941 ஆகஸ்டில் அங்கு உருவான முதல் பயிற்சி விமானம் பறந்தது. 1942இல் அரசு அத்தொழிற்சாலையின் பொறுப்பை ஏற்றது. 1943இல் அது அமெரிக்க வான்படையின் மேலாண்மைக்குச் சென்று, நேச நாட்டு விமானங்களைப் பழுது நீக்கும் பெரும் பணிமனையாயிற்று. பழுது தீர்ந்த விமானத்தைப் பறக்கவிட்டுச் சோதித்த பிறகே போர்முனைக்கு அனுப்புவர்.

1971இல் நாங்கள் கைதட்டி வரவேற்ற முழக்கத்துக்கும் பெங்களூரே ஊற்று. அங்குக் கட்டப்பட்ட 'நேட்' விமானங்களும், 1961 ஜூன் 17ஆம் நாள் அங்கு முதன்முதலாகப் பறந்த 'மாருத்' விமானங்களும் அப்போரில் களங்கண்டன. டிசம்பர் 3இல் மூண்ட போர் 16ஆம் நாள் முடிவுற்றது.

ஆக, பாட்டியார் அஞ்சி ஒளிந்ததும் யான் ஆரவாரித்ததும் ஒரே திசையிலிருந்து வந்த ஒலிக்கே. இவ்வுண்மைகளை நூல்களில் யான் கற்றறிந்தபோது அவர் உயிரோடு இல்லை. "அன்றும் நம்மளதுதான் ஆயா" என்று சொல்லி அவர் நடுக்கத்தைத் தீர்க்க இயலவில்லை. பல்லாண்டுகள் மாணவர்க்குப் பாடம் சொன்ன யான், என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த வரலாற்றை ஒருமுறைகூட ஏட்டில் எழுதி வைக்கவில்லை.

எங்கள் ஊரில் ஒரு குண்டும் விழவில்லை. எனவே எந்த ஏட்டிலும் எங்கள் ஊர்ப் பெயர் இல்லை. எனினும் ஒரு தாய் பிள்ளையை மார்போடு அணைத்து, விளக்கின்றி இருளில் அமர்ந்திருந்த இரவுகளும் அப்போரின் பகுதியே. அவற்றை நினைவிற்கொண்டோர் இன்று தொண்ணூறை நெருங்கியவர்கள் அல்லது கடந்தவர்கள். இவ்விழா நாளில் உறவினர் கூடும் இல்லங்களில் அத்தகைய முதியோர் இருப்பின், அவர்கள் அருகில் அமர்ந்து கேளுங்கள். கேட்டதை அன்றே எழுதி வையுங்கள்.