வெப்பத்துக்கு இட்ட காவல்

1914 ஆம் ஆண்டில் தலைமன்னார் வரை இருப்புப்பாதை நீண்டபோது, மன்னார்த் தீவுக்கு நீராவி இரு வழியாக வந்து சேர்ந்தது. தரைவழி வந்தது புகைவண்டி. கடல்வழி வந்தது, தனுஷ்கோடிக்கும் தலைமன்னார்த் துறைக்கும் இடையே பயணிகளை ஏற்றிச் சென்ற நீராவிக் கப்பல். 1964 ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கும் வரை நிலவிய அந்தப் போக்குவரத்தைப் பற்றிப் பலர் எழுதியிருக்கின்றனர். ஆனால் அந்தப் புகைவண்டியின் அடுப்புக்கு மேலே ஒளிந்திருந்த ஒரு சிறு ஈயத்துண்டைப் பற்றி எழுதியவர் அரியர்.

நீராவி எந்திரத்தின் நெருப்புப் பெட்டிக் கூரைமேல் எப்போதும் நீர் நிற்றல் வேண்டும். நீர் தாழ்ந்துவிட்டால் கூரைத் தகடு கனன்று வலுவிழக்கும். கொதிகலன் வெடிக்கவும் கூடும். ஆதலால் அக்கூரையில் ஒரு துளையிட்டு அதனை ஈயம் வார்த்து அடைப்பது வழக்கமாயிற்று. நீர் குறைந்து தகடு சூடேறியதும் ஈயம் உருகும். துளைவழியே நீராவி சீறிப் பாய்ந்து நெருப்பின்மேல் விழும். எந்திரம் கெடுமுன் ஈயம் கெட்டு அதனைக் காக்கும் என்பதே இதன் உட்பொருள்.

இக்காவல் பிறந்த கதை துயரமானது. இங்கிலாந்தின் கோர்ண்வால் பகுதியைச் சேர்ந்த றிச்சட் திரெவிதிக் உயர் அழுத்த நீராவி எந்திரத்தை ஆக்கியவர்களுள் முதன்மையானவர். 1803 ஆம் ஆண்டு இலண்டனை அடுத்த கிறீனிச்சில் நீர் இறைத்துக் கொண்டிருந்த அவருடைய எந்திரம் ஒன்று வெடித்து நால்வர் மாண்டனர். கொதிகலனைப் பார்த்துக்கொள்ள வேண்டிய சிறுவன், மிகுந்த நீராவியை வெளியேற்றும் காப்பு வால்வை அசையாதபடி இறுக்கி வைத்துவிட்டு விலாங்கு மீன் பிடிக்கப் போய்விட்டான் என்று சொல்லப்படுகிறது. அதன் பின்னர் திரெவிதிக் தம் எந்திரங்களுக்கு இரண்டு காப்பு வால்வுகள் வைத்தார். ஒன்றை வேலையாள் திருத்தலாம். மற்றதன்மேல் அவன் கை படலாகாது. அவற்றோடு ஈய அடைப்பையும் சேர்த்தார். எந்திரத்தின் குற்றத்தை மட்டுமன்று, எந்திரத்தின் அருகே நிற்கும் மனிதனின் அவசரத்தையும் கணக்கிலெடுத்த முதல் அறிஞருள் அவர் ஒருவர் எனலாம்.

மின்மோட்டர் வந்தபோது இக்காவல் முன்னிலும் அவசியமாயிற்று. இதனை மன்னார்க் கமக்காரர் தம் அனுபவத்தால் எளிதில் விளங்கிக்கொள்வர். கட்டுக்கரைக் குளத்து நீர் பாயாத மேட்டு நிலத்தில் கிணற்று நீரை இறைக்க மண்ணெண்ணெய் எந்திரம் வைத்தவர், அது தாங்காத சுமையைக் கண்டால் என்ன செய்யும் என்பதை அறிவர். அது முனகும், புகை கக்கும், ஈற்றில் நின்றுவிடும். மின்மோட்டர் அவ்வாறு முறையிடுவதில்லை. சுமை மிகும்போது அது சற்று வேகம் தளர்ந்து, கம்பிவழியே கூடுதலான மின்னோட்டத்தை வாங்கிக்கொண்டு தொடர்ந்து உழைக்கும். தன் வலிமைக்கு மேலாகவும் பணிந்து உழைப்பதே அதன் பெருமையும் அதன் கேடும் ஆகும்.

அந்தக் கூடுதல் மின்னோட்டம் வெப்பமாகிறது. கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது என்பதை 1841 ஆம் ஆண்டில் ஜூல் என்னும் அறிஞர் வெளியிட்டார். மின்னோட்டம் நூற்றுக்கு 20 பங்கு கூடினால் வெப்பம் 44 பங்கு கூடிவிடும். செப்புக்கம்பி இதனைத் தாங்கும். தாங்காதது கம்பிக்குப் போர்த்திய மெல்லிய காவற்பூச்சு. 8 முதல் 10 பாகை செல்சியஸ் வெப்பம் ஏற ஏற அப்பூச்சின் ஆயுள் பாதி பாதியாகக் குறையும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் கணக்கு. ஆகவே மோட்டர் பெரும்பாலும் ஒரே நாளில் எரிவதில்லை. பல நாட் சிறு மிகைச்சுமைகளால் உள்ளே கருகி, யாரும் எதிர்பாராத ஒரு நாளில் புகைகிறது.

முதலில் இட்ட காவல், பழைய ஈயத்துண்டின் தம்பியாகிய உருகி. எடிசன் 1890 ஆம் ஆண்டில் இதற்கு ஓர் உரிமம் பெற்றார். வீட்டு விளக்குக்கு உருகி போதும்; மோட்டருக்குப் போதாது. நின்றிருக்கும் மோட்டர் ஓடத் தொடங்கும் சில விநாடிகளில் தன் வழக்கமான மின்னோட்டத்தைப்போல் ஆறு, ஏழு மடங்கு இழுக்கும். அதற்கு உருகாத கனத்த உருகியை வைத்தால், நாள் முழுதும் நிலவும் சிறு மிகைச்சுமைக்கு அது அசைந்து கொடாது. இதனினும் பெரிய சூழ்ச்சி ஒன்றுண்டு. 1889 ஆம் ஆண்டையொட்டி தொலிவோ-தொப்ரவோல்ஸ்கி உருவாக்கிய மும்முனை மோட்டருக்கு மூன்று கம்பிகள். மூன்றுக்கும் மூன்று உருகிகள். அவற்றுள் ஒன்று மட்டும் உருகினால், மோட்டர் நிற்பதில்லை. எஞ்சிய இரு கம்பிகளிலும் ஏறக்குறைய 1.73 மடங்கு மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு ஓடி எரிந்து போகும். காவலனே கேடு செய்த கதை இது. நெடுந்தூரம் ஓடிவரும் மின்கம்பியின் கடைசியில், பனங்காட்டுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் ஊர்களில், ஒரு கம்பி மட்டும் அறுந்து போவது அபூர்வமன்று.

இதற்கு மாற்று கடலிலிருந்து வந்தது என்றால் வியப்பாயிருக்கும். நடுக்கடலில் கப்பல் நிற்கும் நெடுங்கோட்டைக் கணிக்க, வெயிலிலும் குளிரிலும் பிழையாது ஓடும் கடிகாரம் வேண்டியிருந்தது. ஜோன் ஹரிசன் என்னும் ஆங்கிலத் தச்சர், 1740 இல் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் உழைத்த தம் மூன்றாவது கடற்கடிகாரத்தில், பித்தளைத் தகட்டையும் உருக்குத் தகட்டையும் ஒன்றாகத் தைத்து ஒரு பட்டை செய்தார். பித்தளை உருக்கினும் மிகுதியாக விரிவது. ஆதலின் சூடேறினால் அப்பட்டை ஒரு புறமாக வளையும், ஆறினால் நிமிரும். இதுவே ஈருலோகப் பட்டை. 1896 ஆம் ஆண்டில் கியோம் என்பவர், வெப்பத்தால் மிகச் சொற்பமாகவே விரியும் இன்வார் என்னும் நிக்கல்–இரும்புக் கலவையைக் கண்டபின், இதன் ஒரு பக்கத்துக்குச் சிறந்த உலோகமும் கிடைத்தது.

இருபதாம் நூற்றாண்டில் மோட்டருக்குக் காவலாக அமர்ந்த ஓவர்லோட் ரிலே என்பது இப்பட்டையே. மோட்டருக்குச் செல்லும் மின்னோட்டம் பட்டையைச் சுற்றிய சுருள்வழியே செல்கிறது. மோட்டர் சூடேறுந்தோறும் பட்டையும் சூடேறி வளைகிறது. அளவு கடந்ததும் ஒரு சிறு கம்பைத் தள்ளி 95, 96 என இலக்கமிட்ட தொடுகையைப் பிரித்துவிடுகிறது. அத்தொடுகைவழி உயிர் பெற்றிருந்த காந்த ஆளி விடுபட, மோட்டர் நிற்கிறது. மூன்று கம்பிக்கும் மூன்று பட்டைகள். ஒன்று வளையாது மற்றிரண்டும் வளைந்தால், அந்த வேறுபாடே ரிலேயை விரைவில் தள்ளிவிடும்படி பிற்காலத்தில் அமைத்தனர். உருகிக்கு இல்லாத அறிவு இது.

இதன் நுட்பம் பொறுமையில் இருக்கிறது. தொடக்கத்தின் சில விநாடி இழுப்பைப் பட்டை பொறுத்துக்கொள்ளும். குறித்த அளவின் 1.05 மடங்குக்கு இரண்டு மணி நேரமும் அசையாது, 1.2 மடங்கானால் இரண்டு மணிக்குள் தட்டிவிடும். தட்டிய பின்னும் அது சூட்டை மறப்பதில்லை. பட்டை ஆறும் வரை மீண்டும் தொடங்க விடாது. அந்தச் சில நிமிடங்கள் வீணல்ல. மோட்டரும் அந்நேரத்தில் ஆறுகிறது.

பேசாலையிலோ வங்காலையிலோ ஐஸ் ஆலையின் மோட்டர் நின்றால், கரையில் குவிந்த மீன் காத்திராது. அறுவடைக் காலத்தில் முருங்கன் பக்கத்து அரிசி ஆலையிலும் இதே அவசரம். அப்போது சிலர் செய்வது, ரிலேயின் சிறு வட்டத்தைத் திருப்பி அளவை உயர்த்துவது. இன்னும் துணிந்தவர் 95, 96 ஆகிய இரு முனைகளையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்துவிடுவர். மீன் காக்கப்படும் என்பது நினைப்பு. மோட்டர் எரிந்தால் சுருளை மீளச் சுற்றிமுடிக்கும் வரை ஐஸும் இல்லை, மீனும் இல்லை. கிறீனிச்சில் வால்வை இறுக்கிய சிறுவனும் அவசரத்தில்தான் இருந்தான். ஆக்கியோர் இதனையும் எண்ணியிருக்கின்றனர். மீட்டுவைக்கும் பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்திருந்தாலும் உள்ளே ரிலே தட்டத் தவறாதபடி அதனை அமைக்கின்றனர். திரெவிதிக்கின் கை படாத இரண்டாவது வால்வே அங்கு வேறு உருவில் இருக்கிறது. கம்பித் துண்டுக்கு மட்டும் மாற்றில்லை.

எனினும் ரிலே எல்லாம் அறிந்ததன்று. அது மின்னோட்டத்தை அறியும். மோட்டரின் மேனியை அறியாது. மன்னார்த் தீவின் மணலும் கடற்காற்றின் உப்பும் மோட்டரின் காற்றுவழிகளை அடைத்துவிட்டால், மின்னோட்டம் அளவாக இருக்கும்போதே சுருள் வெந்துபோகும். ரிலே அமைதியாகப் பார்த்திருக்கும். மாறாக, பம்பி கிணற்று நிழலிலும் ஸ்டார்ட்டர் தகரக் கொட்டிலின் வெயிலிலும் இருந்தால், பழைய வகை ரிலே காரணமின்றித் தட்டும். சூழல் வெப்பத்தை ஈடுசெய்யும் மற்றொரு ஈருலோகப் பட்டையைச் சேர்த்த வகைகளில் இத்தொல்லை பெரிதும் குறைந்தது. ஹரிசன் கடிகாரத்துக்குச் செய்ததும் இந்த ஈடேயன்றோ! முதற்குறையைத் தீர்க்க, பெரிய மோட்டர்களின் சுருளுக்குள்ளேயே வெப்பத்தை உணரும் சிறு மணிகளைப் புதைக்கின்றனர். தெர்மிஸ்டர் எனப்படும் அவை மின்னோட்டத்தைப் பாராது, வெம்மையையே பார்ப்பன.

1990 இல் போரினால் பெருநிலத்துடன் தொடர்பறுந்த தீவுக்கு 2010 இல் புதிய பாலமும், 2015 இல் தலைமன்னார் வரை மீண்டும் புகைவண்டியும் வந்தன. அவ்வண்டிகளில் ஈயத்துண்டு இல்லை, நீராவியும் இல்லை. 2020 டிசம்பரில் தீவின் தென்கரை நெடுக ‘தம்பபவனி’ காற்றாலைகள் இயங்கத் தொடங்கின. ஒன்று 3.45 மெகாவாற்று வலுவுடைய 30 ஆலைகள். காற்றின் திசை மாறும்போதெல்லாம் அவற்றின் தலைகளைத் திருப்புவன மின்மோட்டர்களே. கொண்டற்காற்று போய்க் கச்சான் தொடங்கும் பருவத்தில் அம்மோட்டர்களுக்கு ஓய்வு குறைவு. கோபுர உச்சியில் ஏறி அவை சூடேறினவா என்று கைவைத்துப் பார்க்க ஒருவரும் அங்கில்லை.