வலையைக் காத்த பட்டைச் சாறு

பருத்தி நூலும் சணப்பு நாரும்தான் வலையாகவும் தூண்டில் கயிறாகவும் இருந்த காலத்தில், ஒரு மீன்பிடிக் கருவி எத்தனை நாள் உழைக்கும் என்பது நூலின் தரத்தைவிட அதன்மேல் ஏறிய பூச்சையே அதிகம் சார்ந்திருந்தது. தமிழகக் கடற்கரையிலும் உள்நாட்டு ஏரிக்கரைகளிலும் மீனவர்கள் மரப்பட்டையையும் காயையும் கொண்டு இந்தப் பூச்சை வீட்டிலேயே தயாரித்தார்கள். நைலான் வந்தபின் ஒரு தலைமுறைக்குள் அந்தத் தொழில் ஏறக்குறைய மறைந்துபோனது.

பருத்தியும் சணப்பும் செல்லுலோஸ் இழைகள். தண்ணீரில் வாழும் பாக்டீரியாவும் பூஞ்சையும் செல்லுலோஸை உணவாகக் கொள்கின்றன. வெப்பநாட்டு நீரில் அவை வேகமாகப் பெருகுவதால், பூச்சில்லாத பருத்தி வலை சில வாரங்களிலேயே இற்றுப்போகும். தேங்கிய நீரில் நிலைமை இன்னும் மோசம். எடுத்துக்காட்டாக, வந்தவாசி, செய்யாறு, ஆரணி வட்டாரம் ஏரிகளை நம்பிய நிலம். பாசனம் முடிந்து ஏரி வற்றத் தொடங்கும்போது அங்கே மீன்பிடிப்பு மும்முரமாகும். வெதுவெதுப்பான நீரும் சேறும் மட்கிய தழையும் நுண்ணுயிர்களுக்குத் தோதான இடம். அந்தச் சேற்றில் நாள்முழுதும் வீசிய வலையைக் கழுவிக் காயவைக்காமல் சுருட்டிப் போட்டால் விரைவிலேயே கண்ணிகள் அறுந்துவிடும்.

இதற்கு மருந்து துவர்ப்பில் இருந்தது. மரப்பட்டைகளிலும் காய்களிலும் உள்ள டானின் என்னும் துவர்ப்பொருள் இழைக்குள் ஊறிப் படிந்து நுண்ணுயிர்களின் வேலையைத் தடுக்கிறது. விலங்குத் தோல் அழுகாமல் பதப்படுவதும் இதே பொருளால்தான். ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் தொழிலைத் தாங்கிய ஆவாரம் பட்டையும், மானாவாரிக் காட்டில் எளிதாகக் கிடைத்த வேலம் பட்டையும், புளியங்கொட்டையின் மேல்தோலும் வலைக்கும் உதவின. எந்த ஊரில் எது கிடைத்ததோ அது அந்த ஊர் வலையின் நிறமானது.

பட்டையை இடித்து, பெரிய பாத்திரத்தில் நீர் விட்டு, சாறு செங்காவி நிறமாக இறங்கும்வரை காய்ச்சுவார்கள். வலையை அந்தச் சாற்றில் இரவு முழுதும் ஊறவைத்து, மறுநாள் மணலில் விரித்து உலர்த்துவார்கள். புது வலையானால் இதையே மறுபடியும் செய்வார்கள். மண்பாண்டமும் செம்புப் பாத்திரமும் இதற்கு ஏற்றவை. இரும்போடு சேர்ந்தால் டானின் கறுத்துவிடும். பழைய எழுத்து மை உருவானதும் இந்த வினையால்தான். அந்தக் கறுப்பு நாளடைவில் இழையையே அரிக்கும். ஒருமுறை போட்ட சாயம் நிலைப்பதில்லை. ஒவ்வொரு முறை நீரில் இறங்கும்போதும் டானின் கொஞ்சம் கரைந்துபோவதால், பருவம் முழுதும் அடிக்கடி மறுசாயம் ஏற்ற வேண்டியிருந்தது. பட்டை சேர்ப்பது, இடிப்பது, காய்ச்சுவது, உலர்த்துவது எல்லாம் குடும்பத்தின் உழைப்பு. கடலுக்குப் போகும் நேரத்துக்கு ஈடாகக் கரையிலும் வேலை இருந்தது.

பட்டைகளைவிட ஒரு படி மேலானது பனிச்சங்காய். ஓடைக்கரைகளில் வளரும் பனிச்சை மரத்தின் பழுக்காத காயில் டானினோடு பிசினும் உண்டு. காயை உரலில் இடித்து நீரில் சில நாள் ஊறவிட்டு வடித்தால் பழுப்பு நிறப் பசைச்சாறு கிடைக்கும். அது இழைக்குள் ஊறுவதோடு மேலே மெல்லிய படலமாகவும் உறையும். கரித்தூள் சேர்த்துப் படகின் அடிப்பலகையில் பூசினால் நீர் புகாது. தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் பற்றிய தமது படநூலில் 1795இல் இந்த மரத்தை விவரித்தார். இலங்கையிலும் வங்கத்திலும் மீனவர்கள் இதே காயை நம்பினார்கள். ஜப்பானில் இதே பேரினத்தைச் சேர்ந்த சீமைப்பனிச்சையின் துவர்ச்சாற்றைப் புளிக்கவைத்து வலைக்கும் தாளுக்கும் பூசினார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத கரைகள் ஒரே குடும்பத்து மரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், ஊறும் துவர்ப்பும் உறையும் பிசினும் ஒரே காயில் கிடைத்ததுதான்.

எல்லாக் கருவிக்கும் ஒரே பூச்சு பொருந்தாது. மீன் செவுளில் மாட்டும் வழிவலை மெத்தென்று இருக்க வேண்டும். நூல் விறைத்தால் மீன் உணர்ந்து விலகும். அதற்கு லேசான பட்டைச் சாறே போதும். கரைவலையின் மடி மணலில் உரசிப் பெருஞ்சுமையைத் தாங்குவது. அதற்குக் கனத்த பூச்சு தேவை, தார் பூசினாலும் கெடுதியில்லை. தூண்டில் கயிறு கொஞ்சம் விறைப்பாக இருந்தால்தான் முறுக்கிச் சிக்காது. அதற்குப் பனிச்சம் பசை ஏற்றது. கருவியின் வேலையைப் பார்த்துப் பூச்சைத் தேர்வதில்தான் மீனவரின் அனுபவ அறிவு வெளிப்பட்டது.

ஐரோப்பாவும் இதே பிரச்சினையைச் சந்தித்தது. பிரிட்டிஷ் மீனவர்கள் முதலில் ஓக் மரப்பட்டையைக் காய்ச்சினார்கள். 19ஆம் நூற்றாண்டில் பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் சென்ற காசுக்கட்டி அதன் இடத்தைப் பிடித்தது. இங்கே வெற்றிலையோடு மெல்லும் அந்தக் கருங்காலிச் சாறுதான் வடகடல் படகுகளின் பாய்க்கும் வலைக்கும் செம்பழுப்பு நிறம் தந்தது. 20ஆம் நூற்றாண்டில் வேதியியல் துணைக்கு வந்தது. சாயம் ஏறிய வலையை மயில்துத்தக் கரைசலில் தோய்த்தால், டானின் செம்போடு சேர்ந்து நீரில் கரையாத பொருளாகிறது. செம்பு நுண்ணுயிர்களுக்கு நஞ்சு என்பதால் பாதுகாப்பு இரட்டிப்பாகிறது.

சென்னை மாகாணத்தில் 1907இல் பிரெடரிக் நிக்கல்சன் தலைமையில் மீன்வளத் துறை உருவானது. நாட்டிலேயே முதலாவதான அந்தத் துறையில் பணியாற்றி இயக்குநராக உயர்ந்த ஜேம்ஸ் ஹார்னெல், மாகாணத்தின் மீன்பிடி முறைகளை 1920களில் விரிவாகப் பதிவு செய்தார். மீனவர் கையறிவு அரசின் ஏடுகளில் இடம்பெறத் தொடங்கிய காலம் அது.

மரத்திலும் தக்கையிலும் செதுக்கிய போலி இரையின் கதையும் பூச்சின் கதையோடு சேர்ந்ததுதான். பின்லாந்தில் மீனவர் லவுரி ரப்பலா 1936இல் தக்கையில் மீன் வடிவம் செதுக்கி, சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளை ஒட்டி, உருக்கிய புகைப்படச் சுருளை மேற்பூச்சாகப் போட்டார். மீன் பல் பதிந்தாலும் முள் கீறினாலும் அந்தக் கீறல்வழியே நீர் கசிந்து, மரம் உப்பி, வண்ணம் வெடிக்கும் என்பதால் நிறத்துக்கு மேல் நீர்புகாப் படலம் அவசியமானது. இன்று விராலுக்கும் பாரைக்கும் மரத்தில் இரை செய்வோர் பின்பற்றுவதும் இதே ஒழுங்குதான். முதலில் மரத்தின் துளைகளை அடைத்தல், பிறகு அடிவண்ணம், அதன்மேல் நிறம், கடைசியாக எபாக்சி அல்லது பாலியூரித்தேன் பூச்சு. எபாக்சி கெட்டியானது, ஆனால் வெயிலில் மஞ்சளாகும். ஈரம் உள்ள மரத்தில் எதைப் பூசினாலும் உரிந்துவிடும்.

மீண்டும் வலைக்கு வருவோம். 1952இல் கையெழுத்தான இந்திய-நார்வே ஒப்பந்தத்தின்படி கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் தொடங்கிய திட்டமும், 1957இல் கொச்சியில் அமைந்த மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையமும் நைலான் போன்ற புதிய இழைகள் பரவத் துணைநின்றன. நுண்ணுயிரால் நைலானைத் தின்ன முடியாது. கழுவாமல் சுருட்டினாலும் அழுகாது. பட்டை காய்ச்சும் வேலையிலிருந்து மீனவக் குடும்பங்கள் விடுபட்டன. வலையும் மெல்லியதாகி, மீன் கூடுதலாகப் பட்டது.

ஆனால் நைலானுக்கும் பகை உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர் அதை நொறுங்கச் செய்கிறது. முன்பு வலையை வெயிலில் காயவைப்பது காவல், இப்போது நிழலில் வைப்பது காவல். அழுகாத தன்மைக்கும் ஒரு விலை இருக்கிறது. பருத்தி வலை கடலில் தவறினால் சில மாதங்களில் மட்கிவிடும். நைலான் வலை ஆண்டுக்கணக்கில் கிடந்து, எவருக்கும் பயன்படாமல் மீனையும் ஆமையையும் சிக்கவைத்துக் கொல்கிறது. மட்கும் இழைகளால் வலை செய்யும் ஆய்வுகள் இன்று உலகெங்கும் நடக்கின்றன. தேவையான காலம்வரை உழைத்து அதன்பின் அழியும் கருவி வேண்டுமென்றால், இழையின் ஆயுளைப் பூச்சால் நீட்டிய பட்டைச்சாற்று அறிவை மீண்டும் படித்தாக வேண்டும்.