சுக்கான் கல்லும் பழைய தொட்டிக் கல்லும்

கோவில்பட்டிக் கரிசலில் கலப்பை ஆழமாக இறங்கினால் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் புரண்டு வரும். கலைத்துவிட்ட கடல்நீர் மீன்தொட்டியின் பழைய பவளக்கல்லும் ஏறக்குறைய அதே நிறம், அதே கரடுமுரடு. முன்னது மண்ணுக்குள் மழைநீர் காய்ந்து திரண்டது. பின்னது கடலுக்குள் உயிர்கள் கட்டியது. இரண்டுமே கால்சியம் கார்பனேட். கரிசலின் கார அமில நிலை 8-க்கு மேல், கடல்நீருக்கும் 8.2 அளவில்தான்.

ஆனால் உண்மையான உறவு மணிச்சத்தில், அதாவது பாஸ்பரஸில், இருக்கிறது. மானாவாரி விவசாயி அடியுரமாக டிஏபி போடுகிறார். அதன் மணிச்சத்தில் பெரும்பங்கைக் கரிசலின் சுண்ணாம்பு இறுக்கிக்கொள்ள, பயிருக்குக் கொஞ்சமே போய்ச் சேருகிறது. தொட்டி வளர்ப்பவர் மீனுக்குத் தீனி போடுகிறார். அதிலிருந்து கரையும் பாஸ்பேட்டை ஆண்டுக்கணக்கில் கல் உள்வாங்கிக்கொள்கிறது. கல் விடமாட்டேன் என்கிறது என்பது விவசாயியின் குறை. புதுத் தண்ணீரில் வைத்ததும் கல் விட்டுவிடுகிறது, பாசி மண்டுகிறது என்பது தொட்டிக்காரரின் குறை. ஒரே வேதியியலுக்கு எதிரெதிரான இரண்டு புகார்கள்!

இன்னும் வியப்பு, இருவருக்குமே மருந்து அமிலம்தான். வயலில் அதைப் பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் சுரக்கிறது. சூப்பர் பாஸ்பேட்டைத் தொழு உரத்தோடு கலந்து ஒரு மாதம் மூடிவைத்து, ஹெக்டேருக்கு 750 கிலோ இடச் சொல்லும் வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையும் மணிச்சத்தைச் சுண்ணாம்பின் பிடியிலிருந்து காக்கத்தான். தொட்டிக் கல்லுக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். திறந்தவெளியில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பிளாஸ்டிக் தொட்டியில் பத்துப் பங்கு தண்ணீர் பிடித்து அதில் ஒரு பங்கு அமிலத்தை மெல்ல ஊற்ற வேண்டும்; அமிலத்தில் தண்ணீரை ஊற்றவே கூடாது. கல்லை இறக்கியதும் சீறி நுரைக்கும். பாஸ்பேட் ஏறிய மேல்தோல் கரைந்துபோகும். நுரை அடங்கியபின் ஆப்பசோடா கரைத்த நீரில் முக்கி, பலமுறை அலச வேண்டும். மண் ஆய்வாளர் கரிசல் கட்டியில் இதே அமிலத்தைச் சொட்டி, நுரை பார்த்தே சுண்ணாம்பு மண் என்று முடிவு செய்கிறார்.

வெயிலும் இருவருக்கும் துணை. கோடை உழவில் கட்டி புரண்டு காய, கூட்டுப்புழுக்கள் மடிகின்றன. மொட்டைமாடியில் வாரக்கணக்கில் காயும் கல்லில் பாசியும் பூச்சிகளும் மடிகின்றன. அவசரப்பட்டுக் கல்லை வேகவைப்பவர்கள் உண்டு. அதைச் செய்யவே கூடாது. கல்லில் ஒட்டியிருக்கும் சிலவகைப் பவள உயிர்களின் பாலிடாக்சின் நஞ்சு ஆவியோடு கிளம்பி ஆளையே சாய்த்துவிடும். ப்ளீச்சிங் கரைசலில் ஊறவைப்பதென்றால், அதை முற்றிலும் அலசிக் காயவைத்த பிறகே அமிலம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு.

இங்கே வேற்றுமை ஒன்று. கோடையில் எவ்வளவு காய்ந்தாலும் கரிசலுக்குள் நுண்ணுயிர் மிஞ்சியிருக்கும். புரட்டாசி மழை அதை எழுப்பிவிடும். ப்ளீச்சும் அமிலமும் கண்ட கல்லில் எதுவும் மிஞ்சாது. நுண்ணுயிர் மறுபடி குடியேற, உப்புநீரில், பம்பு ஓட, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகும் வரை பல வாரம் காத்திருக்க வேண்டும். பாஸ்பேட்டையும் அளந்து பார்த்த பிறகே மீன்.

இடம் மாற்றினால் என்ன? சுக்கான் கல்லைத் தொட்டியில் வைத்தால் களிமண்ணும் உரமும் பூச்சிமருந்தும் கூடவே வரும். தொட்டிக் கல்லை உடைத்து வயலில் போட்டால், ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் உப்பும் சேரும். இரண்டும் வேண்டாம்.

புதுக் கல் தேடிக் கடலுக்குப் போகவும் வேண்டாம். கோவில்பட்டி இருக்கும் தூத்துக்குடி மாவட்டத்தின் கரையை ஒட்டிய கடல்தான் மன்னார் வளைகுடா. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி, அங்குள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் கடலுக்குள் போயின. 2001 முதல் பவளம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கரையில் ஒதுங்கிக் கிடப்பதையும் எடுக்காதீர்கள். முறையாக வாங்கிய பழைய கல் கையில் இருந்தால் அதையே கழுவிப் பயன்படுத்துங்கள்.