தோல்வியை விதைத்தால் வெற்றி விளையுமா?

வெற்றியை நாடி ஆடுவதே விளையாட்டின் இயல்பு. ஆயினும், தோற்பதையே திட்டமாக வகுத்துக்கொண்ட குழுக்களும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தின் வரலாற்றில் உண்டு. அவ்வழி பயன் தந்ததா என்பதை இங்கு ஆராய்வோம்.

இவ்விந்தைக்கு வித்திட்டது நல்லெண்ணத்தில் பிறந்த ஒரு விதியே. ஆண்டுதோறும் புதிதாக வரும் இளைஞர்களைக் குழுக்கள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. வலியோர் மேலும் வலுத்துவிடாதிருக்க, நலிந்த குழுவுக்கு முன்னுரிமை அளிக்கப்பட்டது. ஒரு பக்கத்தில் ஐவரே களத்தில் நிற்கும் ஆட்டமாதலின், தலைசிறந்த ஒருவன் வந்து சேர்ந்தால் குழுவின் தலையெழுத்தே மாறிவிடும். எனவே கடைசி இடமும் ஆசைக்குரிய இடமாயிற்று.

1966 முதல், இரு பிரிவுகளிலும் கடைசியில் நின்ற குழுக்களுக்கிடையே நாணயம் சுண்டி முதல் உரிமை முடிவு செய்யப்பட்டது. 1983-லும் 1984-லும் ஹூஸ்டன் குழுவே அதில் வென்றது. ரால்ப் ஸாம்ஸன், அகீம் ஒலாஜுவான் என்னும் இரு நெடியோர் அதற்குக் கிடைத்தனர். வேண்டுமென்றே தோற்றார்கள் என்ற குற்றச்சாட்டு எழவே, 1985-ல் குலுக்கல் முறை புகுந்தது. ஒலாஜுவானோ 1994, 1995 ஆகிய ஈராண்டுகளிலும் ஹூஸ்டனுக்குப் பட்டம் ஈட்டித் தந்தார்.

குலுக்கல் யாருக்கும் கடன்பட்டதன்று. 1996-97 பருவத்தில் 15 ஆட்டங்களே வென்ற பாஸ்டன் குழு டிம் டங்கனுக்காக ஏங்கி நின்றது. அவரை அடைந்ததோ 20 ஆட்டங்கள் வென்ற சான் அன்டோனியோ. டேவிட் ராபின்ஸன் காயமுற்றதால் அவ்வாண்டு தாழ்ந்த அக்குழு, டங்கனுடன் ஐந்து பட்டங்களை வென்றது.

இத்திட்டத்தை ஒளிவுமறைவின்றிக் கடைப்பிடித்தது பிலடெல்பியா. 2013-ல் பொறுப்பேற்ற சாம் ஹிங்கி, தேர்ந்த ஆட்டக்காரரான ஜுரூ ஹாலிடேயைக் கொடுத்து வருங்காலத் தேர்வுரிமையைச் சேர்த்தார். மூன்று பருவங்களில் அக்குழு வென்றவை 19, 18, 10, தோற்றவை 199. ஜோயல் எம்பீட் 2014-லும், ஹிங்கி விலகியபின் பென் சிமன்ஸ் 2016-லும் வந்தனர். 2017-18-ல் 52 வெற்றிகள் கிட்டின; 2023-ல் எம்பீட் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரரானார். ஆயினும் 2025 வரை அக்குழு இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. எம்பீடைத் தேர்ந்தெடுத்த அதே 2014-ல், 41-ஆம் இடம்வரை யாரும் சீண்டாதிருந்த நிக்கோலா யோக்கிச், 2023-ல் டென்வருக்குப் பட்டம் வாங்கித் தந்தார்.

மறுபக்கமும் கூறவேண்டும். 22, 24 என இரு பருவங்களில் சொற்ப வெற்றிகளே பெற்ற ஓக்லஹோமா சிட்டி, 2025-ல் பட்டம் வென்றது. அதன் தூணான ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் தோல்வியின் பரிசாக வந்தவரல்லர். 2019-ல் பால் ஜார்ஜைக் கொடுத்துப் பெற்றவர். இரண்டாவதாகத் தேர்ந்த செட் ஹோம்கிரென் மட்டுமன்றி, 12-ஆம் இடத்தில் கிடைத்த ஜேலன் வில்லியம்ஸும் அவருக்குத் துணை நின்றனர்.

2019-ல் சங்கம், மிக நலிந்த குழுவின் முதலிட வாய்ப்பை நூற்றுக்கு 25-லிருந்து 14-ஆகக் குறைத்து, கடைசி மூவருக்கும் சமமாக்கியது. தோல்வி தரும் பரிசு இதனால் மேலும் சுருங்கிற்று.

ஆகவே நாம் காண்பது இது: தோல்வி வாய்ப்பைத் தரலாம், வெற்றியைத் தருவதில்லை. ஆளை அறியும் கண்ணும், வளர்க்கும் பொறுமையும், காயம்படாத நல்லூழும் கூடினால்தான் அது பலிக்கும். அதற்கிடையே, சீட்டுக்குப் பணம் கொடுத்து வந்து, தம் ஊர்க் குழு தோற்பதையே ஆண்டுக்கணக்காகக் கண்டு திரும்பியவர்களின் இழப்பை எந்தக் குலுக்கலும் ஈடுசெய்வதில்லை.