நூல் முனையிலிருந்து கட்டர் வரை

உருளையில் சுற்றிய நூலை விறைப்பாகப் பிடித்தபடியே பிரித்துக்கொண்டு போனால், அதன் முனை ஒரு வளைவு போடும். அதற்கு இன்வல்யூட் என்று பெயர். ஊசல் கடிகாரத்தைப் பற்றி ஹைகன்ஸ் 1673இல் வெளியிட்ட புத்தகத்தில் இவ்வகை வளைவுகளை ஆராய்ந்திருக்கிறார். கியர் பல்லுக்கு இது பொருந்தும் என்று அடுத்த நூற்றாண்டில் காட்டியவர் ஆய்லர். இரண்டு கியர்களின் மையங்கள் கொஞ்சம் விலகினாலும் சுழற்சி விகிதம் மாறாது என்பதே இந்த வளைவின் பெரிய பலம்.

காகிதத்தில் இருந்ததை எஃகில் வெட்டுவதுதான் பாடாய்ப் படுத்தியது. பழைய கட்டர்களைச் சாணை பிடிக்கப் பிடிக்க வடிவம் மாறிக்கொண்டே போகும். அமெரிக்காவின் பிரௌன் அண்டு ஷார்ப் நிறுவனத்து ஜோசப் பிரௌன், முகத்தை மட்டும் தீட்டினால் வடிவம் கெடாத கட்டருக்கு 1864இல் காப்புரிமை பெற்றார். ஆனால் பல் எண்ணிக்கை மாறினால் வளைவும் மாறும். எண்ணிக்கைக்கு ஒரு கட்டர் வைத்துக் கட்டுப்படியாகுமா? ஒரு மாட்யூலுக்கு, அதாவது ஒரு பல் அளவுக்கு, 8 கட்டர் போதும் என்று ஏற்பாடானது. 17 முதல் 20 பல் வரை ஒரே கட்டர், அதன் வடிவம் 17க்கு உரியது. 20 பல் கியரின் நுனி சற்று மெலியும், இடிக்காது. பொய்தான், ஆனால் கெட்டிக்காரப் பொய்.

பிறகு ஹாப் என்னும் திருகு போன்ற கட்டர் வந்தது. அதன் பல் நேர்க்கோடு, வளைவை இயந்திரத்தின் ஓட்டமே உண்டாக்கிவிடும். ஆயிரக்கணக்கில் செய்பவருக்கு அது போதும். பழைய இயந்திரத்துக்கு ஒரே ஒரு கியர் வேண்டியவருக்குத்தான் கணினியில் வரையும் கேட் மென்பொருள் கைகொடுத்தது. இன்று அவர் தன் பல் எண்ணிக்கைக்கே ஒரு கட்டர் வரைந்துகொள்ளலாம்.

மாட்யூல் 2, பல் 20, அழுத்தக் கோணம் 20 பாகை என்று வைத்துக்கொள்வோம். பிட்ச் வட்டத்தின் விட்டம் 40 மி.மீ. அதை 20 பாகையின் கொசைனால் பெருக்கினால் அடிவட்டம், அதாவது நூல் சுற்றிய உருளை, 37.588. வளைவின் சமன்பாட்டைக் கொடுத்தால் மென்பொருள் கோட்டை இழுத்துவிடும். சிக்கல் அதற்குக் கீழே இருக்கிறது. பல்லிடுக்கின் அடிமட்டம் 35 மி.மீ. வட்டத்தில். நூல் உருளைக்குள் புகாது, ஆகவே இடையில் உள்ள 1.29 மி.மீ. ஆழத்துக்கு இன்வல்யூட்டே கிடையாது! பலர் அங்கே மையம் நோக்கி ஒரு நேர்க்கோடும் மூலையில் ஒரு வில்லும் போட்டு முடித்துவிடுகிறார்கள். எதிர்ப் பல்லின் நுனி அங்கே உரசுமா என்று திரையிலேயே இரண்டையும் சுழற்றிப் பார்க்காமல் இதைச் செய்வது அசட்டுத் துணிச்சல்.

பல்லிடுக்கின் வடிவமே கட்டரின் வடிவம். அது கம்பியின் தீப்பொறியால் வெட்டும் ஒயர் கட் இயந்திரத்துக்குப் போகிறது. கம்பியின் ஆரத்தையும் தீப்பொறி இடைவெளியையும் சேர்த்துத் தள்ளி வெட்டினால், கடினப்படுத்திய ஹெச்.எஸ்.எஸ். எஃகுத் துண்டில் கட்டர் பிறந்துவிடும். பின்பக்கம் உரசாதிருக்கக் கம்பியைச் சாய்த்து வெட்டுவார்கள்.

கடைசிக் கண்டம் சாணைக் கல்லில். சுலபமாக வெட்டட்டும் என்று சிலர் கட்டரின் முகத்தைச் சாய்த்துத் தீட்டிவிடுவதுண்டு. முகம், கட்டரைச் சுழற்றும் தண்டான ஆர்பரின் மையத்தை நேராக நோக்க வேண்டும். சாய்ந்தால் கியரில் விழுவது வரைந்த வளைவு அல்ல, வேறொன்று.